ஏழாம் மூடி

ஆய்வகத்தில் ஈயத்தின் அளவைப் படித்ததும் அவள் வாயில் சிறுகீரை ருசித்தது.

ஏழாம் மூடி. பழைய பேட்டரி உடைக்கும் தெருவின் மழைநீர் வடிகால். அங்கே அள்ளிய வண்டல்.

ஆறு மாதமாக அவளுக்கு மூடிகளைத் தூக்கிக் கொடுத்தது தூர்வாரும் தேசம்மாதான். ஒருமுறை வழுக்கி உள்ளே விழப்போனவளைப் பின்னலைப் பிடித்து இழுத்ததும் தேசம்மாதான். அந்தக் கைக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறாள்.

பரிசோதனைக்கு எடுப்பதில் இரும்பு படக் கூடாதென்று பிளாஸ்டிக் கரண்டியால் அவள் சேறு அள்ளுவாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல இருக்கிறதென்று தேசம்மா சிரிப்பாள்.

வெள்ளிதோறும் தேசம்மா தரும் ஒரு கட்டுக் கீரை வேறு.

எப்படி இத்தனை செழிப்பு என்று போன வாரம்தான் கேட்டாள். அந்த வடிகாலில் தூர்வாரித் தெருவோரம் காயப்போட்ட கரிய மண், மூட்டை கட்டி வீட்டுக் கீரைப் பாத்திக்குக் கொண்டுபோனதாம். முழுகாமல் இருக்கும் மகளுக்குத் தினமும் அந்தக் கீரைதானாம்.

அவள் பெரிய படிப்புப் படித்தவள். அழுக்கு எங்கிருந்து வருகிறதென்று ஆறு மாதம் அளந்தாள். எங்கே போகிறதென்று ஒருநாளும் கேட்கவில்லை.

முடிவு வந்த அன்றே போய், அந்த மண்ணில் ஈய விஷம் என்று தேசம்மாவிடம் சொன்னாள். கீரையைப் பிடுங்கச் சொன்னாள். மகளுக்கு ரத்தம் பார்க்க மருத்துவருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

தேசம்மா மூடியைச் சாத்திவிட்டு நடந்தாள்.

அடுத்த வெள்ளி வரவில்லை.

அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

நல்லதுக்குக் காலமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

மூன்றாம் வெள்ளி, ஆய்வக வாசலில் தேசம்மா. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"பொண்ணுக்கு ரத்தம் பாத்தாச்சும்மா. நல்லவேள, சீக்கிரமா வந்தீங்கன்னாங்க. நாந்தான் அந்த மண்ண எங்க தெருவுக்கே குடுத்து வச்சேன். வூடு வூடா போயி கீரையெல்லாம் புடுங்கிட்டு வரேன்."

கூடைக்குள் கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில்கள். பதினொன்று. ஒவ்வொன்றிலும் மண். ஒவ்வொன்றின் மேலும் காகிதம் ஒட்டி, தேதி, நேரம், வீட்டு எண்.

ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

உள்ளே போனாள். மண் உலர்த்தும் அடுப்பைத் திறந்து தன் ஆராய்ச்சித் தட்டுகளை வெளியே எடுத்து வைத்தாள்.

பதினொரு தட்டுக்கு இடம் வேண்டும்.