புடலம்பிஞ்சுக்கு முன்னால்

சொல்லியிருக்கக் கூடாது. பாழாய்ப்போன வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"எங்க ஊர்ல பிஞ்சப் பாத்து விரல் நீட்ட மாட்டோம். நீட்டினா வெம்பிப் போயிடும். காட்டணும்னா விரல மடக்கித்தான் காட்டணும்."

இருபது பேரும் சிரித்தார்கள்.

சிரிக்கத்தான் செய்வார்கள். அதற்கென்றே வைத்திருக்கும் வரி அது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, தரங்கம்பாடிக் கோட்டை பார்க்க வருகிறவர்களை நடத்திக் கூட்டிவந்து, பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து வளர்க்கும் இந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறாள். புடலைப் பந்தலுக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். கூட்டம் சோர்ந்துவிடும். அங்கே ஒரு சிரிப்பு வேண்டும்.

சிரித்து முடித்ததும் விளக்கம் சொல்வாள். பிஞ்சு வெம்புவது விரலால் இல்லை, பழ ஈயால். வேளாண்மை படித்தவள் அல்லவா?

இன்றைக்கு அந்த விளக்கம் வாயில் வரவில்லை.

வயிற்றில் எழுபது நாள்.

முதல் தடவை தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள். நாற்பத்தைந்தாம் நாள் போய்விட்டது. இரண்டாம் தடவை அம்மாவுக்கும் மதியழகனுக்கும் மட்டும்தான் தெரியும். அதுவும் தங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு மதியழகன் அழுததை அவள் பார்த்துவிட்டாள்.

அதனால் இந்தத் தடவை ஒருவருக்கும் சொல்லவில்லை. கட்டிய புருஷனுக்கும்.

மூன்று மாதம் முடியட்டும். இன்னும் இருபது நாள்.

காலையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுக்கிறாள், சத்தம் கேட்காமல் இருக்க. நல்லவேளை, பத்து நாளாக அவன் மீன் வாங்கி வருவதில்லை. விலை ஏறிவிட்டது என்கிறான். கடலோரத்தில் பிறந்தவன் ரசமும் அப்பளமும் தின்றுகொண்டிருக்கிறான். அந்த வாடை இல்லாதது அவளுக்கு ஒருவகையில் நிம்மதிதான்.

"வாங்க, அந்தப் பக்கம் கத்திரி இருக்கு."

ஒருவரும் நகரவில்லை.

பந்தல் ஓரத்தில் ஒற்றைப் பிஞ்சு இடுப்பு உயரத்துக்குத் தொங்கியது. விரல் கனம்தான். நேராக நீளட்டும் என்று நுனியில் சின்னக் கல்லைக் கட்டிவிட்டு, பாத்திக்காரி ஜெபமணி அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார்.

தொப்பி போட்ட ஒருவருக்கு அப்போதுதான் யோசனை உதித்தது.

"எல்லாரும் ஒண்ணா விரல் நீட்டி ஒரு போட்டோ எடுப்போம். வெம்புதா இல்லையான்னு பாத்துடலாம்!"

"வேணாம் சார், நேரமாச்சு. கோட்டைக்கு வேற திரும்பணும்..."

"அட, நம்பிக்கையா மேடம்? படிச்சவங்க நீங்க!"

மறுபடி சிரிப்பு. வினையை அவளே கூப்பிட்டு உட்கார வைத்தாயிற்று.

பிஞ்சை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நின்றார்கள். சுற்றுலாவுக்குப் படம் எடுக்கிறவன் மதியழகன். எதிரே வந்து கேமராவைக் கண்ணில் வைத்தான்.

"ரெடியா? ஒண்ணு, ரெண்டு..."

இருபது விரல்கள் நீண்டன.

பழ ஈ. வெறும் பழ ஈ. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்.

கால் கேட்கவில்லை. இரண்டே எட்டில் போய்ப் பிஞ்சுக்கு முன்னால் நின்றுவிட்டாள். முதுகுக்குப் பின்னால் பிஞ்சு ஆடி, கல் இடுப்பில் இடித்தது.

அப்புறம்தான் பார்த்தாள்.

விரல்கள் அப்படியே நின்றன. இருபதும் இப்போது அவளைக் காட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ, மேடம் வெம்பிடப் போறாங்க!" என்று யாரோ ஒரு பெண் கத்தினாள். பெரிய சிரிப்பு.

அவளுடைய இரண்டு கையும் தானாக வந்து வயிற்றை மூடிக்கொண்டன. எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்தது. எடுக்க முடியவில்லை.

கேமரா சத்தம் வரவில்லை.

"என்ன தம்பி, எடுத்தாச்சா? கை வலிக்குது."

மதியழகன் கேமராவை இறக்கினான். பொத்தானில் இருந்த சுட்டு விரலை மடக்கிக்கொண்டான்.

"விரல மடக்குங்க."

யாருக்கும் புரியவில்லை.

"எல்லாரும் மடக்குங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

குரல் உடைந்திருந்தது. சிரிப்பு நின்றது. ஒவ்வொரு கையாகத் தாழ்ந்தது. தொப்பிக்காரர் தன் விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவன் அவள் பக்கத்தில் வந்து, கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றான். அவள் வாய் திறந்தாள்.

"மதி, நான் உங்கிட்ட..."

"இப்ப சொல்லாத," என்றான் மெதுவாக. "இன்னும் இருபது நாள் இருக்கு."

அவள் அவனையே பார்த்தாள். தினமும் காலையில் அத்தனை நேரம் ஓடும் குழாயைப் பற்றி ஒருநாள்கூட அவன் ஏன் கேட்கவில்லை என்று இப்போது உறைத்தது. மீனும் ஞாபகம் வந்தது.

கூட்டம் காத்திருந்தது.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க," என்று சொல்லி, மடக்கிய விரலால் கத்திரிப் பாத்தியைக் காட்டினாள்.