மணல்திட்டு ஜப்தி

காட்டரசுக்கு முதலை மூன்று வருஷமாக மீன் வரி கட்டவில்லை. வசூல் அதிகாரியான ஆமை நோட்டீஸோடு வந்தாலே, "கையில் கொடுத்தால்தானே செல்லும்!" என்று முதலை சிரித்துவிட்டுத் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். ஆமைக்கு அவமானமாக இருந்தது.

நாலாவது முறை அது முதலையைக் கூப்பிடவே இல்லை. முதலை வெயில் காயும் மணல்திட்டில் கம்பு நட்டு, இரண்டு கொக்குகளின் சாட்சியோடு நோட்டீஸை ஒட்டியது. கெடு முடிந்ததும் திட்டை ஜப்தி செய்து, யானையைக் காவலுக்கு நிறுத்தியது.

மூன்றாம் நாள், குளிரில் விறைத்துப்போன முதலை தலையை நீட்டியது. "நான் நோட்டீஸே வாங்கலையே, ஐயா!"

"வாங்காதவர் இடத்தில் ஒட்டினாலே செல்லும். நாளைக்கு ஏலம்" என்றது ஆமை.

சாயங்காலத்துக்குள் பாக்கி மீன் முழுவதும் கூடை கூடையாகக் கரையேறியது. ஆமை ரசீது எழுதிக் கொடுத்தது. பிறகு ஓட்டிலிருந்து கழுத்தை முழுசாக நீட்டி, காடே கேட்கும்படி கத்தியது: "வசூலாயிடுச்சு!"