எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மேற்கு வர்ஜீனியாவின் மலையடிவார அலுவலகம் ஒன்றில், மூடிப்போன துப்பாக்கிக் கடைகளின் விற்பனைப் பதிவேடுகள் பெட்டி பெட்டியாகக் கூரையை முட்டுகின்றன. காலை வெயில் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூசச் செய்கிறது. எழுத்தர் வெர்னா ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, படமெடுத்து ஏற்றிய பதிவேட்டைப் பக்கம் பக்கமாக நகர்த்துகிறாள். மழையில் நனைந்து ஊறிய மசி, கோழிக் கிறுக்கலாய் ஒரு கையெழுத்து. தொலைபேசியில் போலீஸ்காரர் ப்ரூவர் பொறுமை இழக்கிறார்.

"ஒன்பது வயசுப் பொண்ணு மேடம். சுட்டவன் துப்பாக்கியப் போட்டுட்டு ஓடிட்டான். அதுல பொறிச்ச நம்பரைத் தட்டினா வாங்கினவன் பேரு வந்துடாதா?"

"வராது சார். அப்படி விட்டா நாளைக்குப் பேரை வச்சு, யார்கிட்ட துப்பாக்கி இருக்குன்னும் தேடிடுவோமாம். அதனால தேடற வசதியே கிடையாது. சட்டம் அப்படி. எல்லாம் கண்ணாலதான் பாக்கணும்."

"இது என்ன கூத்து! இப்ப எத்தனாவது பக்கம்?"

"எண்ணூத்திப் பன்னண்டு. இந்தக் கடைக்கு இன்னும் நாலு பெட்டி இருக்கு."

மறுமுனையில் ஏதோ கெட்ட வார்த்தை. வெர்னா கோபித்துக்கொள்ளவில்லை, அவள் தொண்டைக்குள்ளும் அதே வார்த்தைதான் நிற்கிறது.

"காலையில என் நாய் வேலி தாண்டி ஓடிருச்சு சார். பிடிச்சவங்க கழுத்துப்பட்டை நம்பரைத் தட்டி, அரை நிமிஷத்துல என்னைக் கூப்பிட்டுட்டாங்க."

வெர்னா எண்ணூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைத் திறக்கிறாள்.