காலிக் கிண்ணம்

இந்தக் குளிர் தேசத்தில் எங்கள் மாடியில் மூன்று கதவுகள். மூன்றாவது திறந்து நாங்கள் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டுக்காரியின் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்களுடையது அவளுக்கும். குடிவந்த அன்று ஒரு நீலக் கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதென்று என் மனைவி வைதேகி அதில் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரிக்கும் வெறும் கிண்ணத்தை நீட்டக் கூசியிருக்க வேண்டும். நிறுத்தத் தெரியாமல் இரண்டு வருடமாக மாறி மாறிச் சமைத்துக்கொண்டிருந்தோம்.

முந்தாநாள் வத்தக்குழம்பு சாதத்தோடு போன கிண்ணம், நேற்று கழுவித் துடைத்துக் காலியாக எங்கள் வாசலில் இருந்தது.

"என்னங்க இது? காரம் ஜாஸ்தியாயிடுச்சோ? கோவமா இருக்காளோ?" என்றாள் வைதேகி.

"தெரியலையே. போய்க் கேக்கறதுக்கும் பாஷை வேணுமே."

அவசரமாக ரவா கேசரி கிளறி அதில் நிரப்பிக் கொடுத்தாள். எதிர்க்கதவைத் தட்டினேன். திறந்தவள் கையில் அதே மாதிரி இன்னொரு நீலக் கிண்ணம், ஆவி பறக்கும் சூப்போடு.

அவள் என் கையைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பினோம்.

மூன்றாவது கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது.