மேஸ்திரியின் மன்னிப்பு

"ஊசி போடறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவ தொட்டுக்கட்டுமா டாக்டரம்மா?" என்று கேட்டார் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாள்.

"தாராளமா. நான் காத்திருக்கேன்," என்றாள் கால்நடை டாக்டர்.

கூடத்தின் நடுவே, பழைய மெத்தை மேல் மேஸ்திரி என்கிற நாய் கிடந்தது. வயிற்றில் கட்டி. நாலு நாளாகப் பின்னங்கால்கள் எழவில்லை. தண்ணீரைக்கூட ஸ்பூனில்தான் புகட்டினார்கள். நன்றாக இருந்த நாளில், காலையில் ஒவ்வொரு கட்டிலாக நின்று முகர்ந்து, வேலை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போகுமாம். அதனால் வந்த பெயர்.

எட்டு வருடம் முன்பு சாக்கடைக் குழாய்க்குள் சிக்கிக் கிடந்த அந்த நாயை, தோள் வரை கையை விட்டு வெளியே இழுத்தவள் இந்த டாக்டர்தான். ஒடிந்த காலுக்குக் கட்டுப் போட்டு, தேற்றி, இந்த இல்லத்தில் சேர்த்ததும் அவள்தான். ஆனால் மேஸ்திரிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. வருடா வருடம் தடுப்பூசிக்குக் கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் மேசைக்கு அடியில் பதுங்கிக்கொண்டு உறுமும். முதல் நாள் கடித்த தழும்பு அவள் கட்டைவிரலில் இன்னும் இருந்தது.

இல்லவாசிகளில் தையல்காரம்மா முதலில் வந்தார். முதுகை மட்டும் தடவினார்.

"எங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கு இவன்தான் கூட இருந்தான். நான்கூட அசந்து தூங்கிட்டேன். இவன் கண்ண மூடல. போய்ட்டு வாடா ராசா."

அடுத்து, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். தலையைத் தொட்டவர், நாய் லேசாக முகத்தைத் திருப்பியதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கடிக்குமோன்னு பயமா சார்?" என்று டாக்டர் சிரித்தாள்.

"இவனா? சேச்சே! எட்டு வருஷத்துல ஒருத்தர் மேல பல்லுப் படல."

"என்னைத் தவிர. நீங்கல்லாம் கூப்பிட்டா வருமா?"

"கூப்பிட்டால்லாம் வரமாட்டான்மா. அவனுக்கா தோணினா வருவான்."

பெரியவர் ஜன்னல் ஓரப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் தரையில் சம்மணம் போட்டு அமர்ந்து, வலியில்லாமல் உயிரை முடிக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினாள். எத்தனையோ நாய்களுக்குப் போட்டிருக்கிறாள். இன்று ஏனோ மருந்தின் அளவை இரண்டு முறை சரிபார்த்தாள்.

அப்போது மேஸ்திரி எழுந்தது.

முன்னங்கால்களை ஊன்றி, உடம்பு வெடவெடக்க, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தேவிட்டது. கண்டக்டர் பெரியவர் கால்களைத் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்துக்கொண்டார். தையல்காரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. நாய்க்காக வேண்டிக்கொள்கிறார் போலும்.

மேஸ்திரி ஒவ்வொருவராகப் பார்த்தது. யாரிடமும் நிற்கவில்லை. தேய்த்துத் தேய்த்து நகர்ந்து நேராக டாக்டரிடம் வந்தது. உறுமவில்லை. கட்டைவிரல் தழும்பை ஒரு முறை முகர்ந்தது. பிறகு மெதுவாக, அலுங்காமல், அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

டாக்டருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"டேய்... கடைசியில மன்னிச்சிட்டியாடா? இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் என்னைப் புடிச்சுதா?"

காதுக்குப் பின்னால் வருடிக் கொடுத்தாள். மேஸ்திரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் ஏதோ இரக்கம் இருப்பது போலத் தோன்றியது அவளுக்கு. ஐந்து நிமிடம் இருக்கும். நெஞ்சுக்கூடு ஒரு தடவை ஏறி இறங்கியது. அப்புறம் ஏறவில்லை.

"ஊசியே தேவைப்படல," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்ல சாவு. யாரும் வருத்தப்படாதீங்க."

நிமிர்ந்து பார்த்தாள். யாரும் அழவில்லை. செத்துக் கிடக்கும் நாயை யாரும் பார்க்கக்கூட இல்லை. அத்தனை பேர் கண்ணும் அவள் மேலேயே இருந்தது.

பொறுப்பாளர் அம்மாள் அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"வீட்ல யாரும்மா இருக்காங்க?"

"மக மட்டும்தான். பன்னெண்டு வயசு. நாலரைக்கு ஸ்கூல் விட்டு வந்துடுவா, நான் போய்த்தான் கதவு திறக்கணும். ஏன் கேக்கறீங்க?"

"இப்பவே ஃபோன் போட்டு அவகிட்ட ரெண்டு வார்த்த பேசிடும்மா."

"எதுக்கு? அர மணி நேரத்துல நேர்லயே பார்க்கப் போறேன்."

பெட்டியை மூடிவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினாள். அது கண்டக்டர் பெரியவரின் கைக்குள் இருந்தது.

"நீ வண்டி ஓட்ட வேணாம் தாயி. இங்கயே இரு. இன்னிக்கு ஒருநா எங்கயும் போகாத."

"என்ன சார் இது? ஒரு நாய் மடியில படுத்ததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்த எட்டு வருஷத்துல அவனா எழுந்து போய் மடியில தல வெச்சது பதினேழு பேருக்கும்மா. அதுல ஒருத்தர்கூட மறுநாள் கண்ணு முழிக்கல."