மூலைக் குழி

2061 மார்ச் 4, சென்னை, தரமணி. நோய் தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் அதைக் கண்டுசொல்லும் ஆய்வுக்கூடம் ஒன்றில், சிறு குழிகள் கொண்ட ஒரு தட்டின் மூலைக் குழி நீலமானது.

பாஸ்பேட் ஏறக்கூடிய செயற்கைப் புரதத் துணுக்குகள் பூசிய தட்டு அது. பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதி தறிகெட்டு, பின்னாளில் நோயாக முற்றக்கூடிய ரத்தம் பட்டால் மட்டுமே குழி நீலமாகும். சோதனைக்கு வந்தவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட, நலமான ஒருவரின் ரத்தத்தை மூலைக் குழியில் விடுவார்கள். வேறு ஆளைத் தேடாமல், அங்கே சோதனை செய்யும் பெனிட்டா தினமும் தன் விரலையே குத்திக்கொள்வாள்.

"தட்டு கெட்டுப்போச்சு போல, தணிகை," என்றாள் உடன் வேலை செய்பவனிடம்.

"வேற தட்டு போடு பெனி. நீதான் நம்ம ஆபீஸ் பயில்வானாச்சே!"

புதிய தட்டில் எல்லாருடைய ரத்தத்தையும் மறுபடி விட்டு, மூலையில் தன் சொட்டை விட்டாள். மற்றவர்களின் குழிகள் வெள்ளையாகவே இருந்தன. மூலை மட்டும் மெல்ல நீலம் பூத்தது. தணிகைவேலின் சிரிப்பு நின்றுபோனது.

"இன்னொரு வாட்டி பாத்துடலாமாடா?" என்றாள் பெனிட்டா.

அவன் இன்னொரு தட்டை எடுத்துவைத்தான். அதுவும் நீலமானது.

மறுநாள் மூலைக் குழியில் தணிகைவேலின் ரத்தம் விடப்பட்டது. பெனிட்டாவின் ரத்தம் சோதனைக்கு வந்தவர்களின் வரிசைக்குப் போனது.