அடுத்தவர் குடோன்

"வியாபாரத்துக்காகக் குட்டி போட வெச்சு விக்கக் கூடாது. மீட்ட நாயை மட்டும்தான் கடையில குடுக்கலாம். சட்டம் வந்து ஆறு மாசம் ஆச்சு, தெரியும்ல?" என்று கேட்டார் சோதனைக்கு வந்த அதிகாரி.

"தெரியும் சார். இந்த நாலு குட்டியும் ரோட்டோரம் மீட்டதுதான்," என்றார் கடைக்காரர். "வாயில்லா ஜீவனை வதைச்சுப் பொழைக்கிற பாவம் நமக்கு எதுக்கு?"

ஒரு குட்டி மட்டும் பின்பக்கக் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

"அதுக்குப் பின்னாடி என்ன?"

"அடுத்தவர் குடோன் சார். சாவி அவர்கிட்ட."

"உள்ள பன்னெண்டு தாய் நாயை அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு மனு வந்திருக்கே."

"பன்னெண்டா? சத்தத்துல கூரையே பறந்திருக்குமே சார். நீங்களே தட்டிப் பாருங்க."

அதிகாரி ஓங்கித் தட்டினார். கதவில் காதை வைத்துக் கேட்டார். மறுபடியும் தட்டினார். ஒரு முனகல்கூட இல்லை.

"என் வீட்டுல இருக்கறது ஒண்ணே ஒண்ணு. தபால்காரர் தெருமுனைக்கு வந்தாலே ஊரைக் கூட்டிடும்," என்று சிரித்தவர், புகார் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஜீப் கிளம்பிப் போனதும், கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

பன்னிரண்டு கூண்டுகளிலும் தாய் நாய்கள் எழுந்து நின்று விடாமல் குரைத்துக்கொண்டிருந்தன. வாய்கள் திறந்து திறந்து மூடின. சத்தம் மட்டும் வரவில்லை. ஒவ்வொன்றின் தொண்டையிலும் குரலை அறுத்தெடுத்த தையல் தழும்பு இருந்தது.

குட்டி ஓடிப் போய் மூன்றாவது கூண்டுக் கம்பிக்குள் மூக்கை நுழைத்தது.

அந்தக் கூண்டில் இருந்தது மட்டும் குரைப்பதை நிறுத்தியது.